வூட்ல நான் மட்டுந்தான்

இலக்கியா அப்பாவுக்கு,

ரம்யா வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் முதுகுவலி தேவலையா? பெங்களூரில் நான் நன்றாக இருக்கிறேன்.

கேம் வீடியோ சேனல்கள் பிள்ளைகள் பார்க்கத் தகுந்தவையா என்று பார்த்துச் சொல்வதுதானே என் வேலை. போன வாரம் ஒரு சேனலில், விளையாடிக் காட்டுகிறவன் தன்னோடு சேர்ந்து ஆடிய சிறுமியிடம், "வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்டான்.

"அப்பா கரும்பு வெட்டிக்கினு இருக்காரு. வூட்ல நான் மட்டுந்தான்" என்றாள். கேமில் குரலை மாற்றி வைத்திருந்தாள். திரையில் அவள் பெயர் மல்லாட்டை. நிலக்கடலையை நம் பக்கத்தில்தானே அப்படிச் சொல்வோம்! நம் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சிரித்துக்கொண்டே மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். ரத்தமில்லை, கெட்ட வார்த்தையில்லை. ‘தகுந்தது’ என்று குறித்துவிட்டேன்.

அவன் எதற்கு அதைக் கேட்டான் என்பது மறுநாள்தான் உறைத்தது. மேலதிகாரியிடம் சொல்லி சேனலை முடக்கியாயிற்று, நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் குக்கர் விசிலுக்கு நடுவிலும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

கரும்பு வெட்டு இருந்தாலும், நாலு மணிக்கு நம் இலக்கியா பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருங்கள். நான் கூப்பிட்டால் ஃபோனை அவள்தான் எடுக்கிறாள், அதனால்தான் கடிதம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அவளைத் திட்டாமல் ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள். கேமில் அவள் பெயர் என்ன?

ரம்யா