படம் இல்லாத சதக்கா

கள்ளக்குறிச்சி
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம் சொல்லி ஷர்பு எழுதுவது. அண்ணி, பிள்ளைகள் சுகமா? போனில் என்னை நீங்கள் பேசவிடுவதில்லை. அதனால்தான் கடிதம்.

மவுத்தாகிப்போன நம் அத்தா பெயரில் சதக்காவாக, தர்மமாகக் கொடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய கம்பளிகளை நேற்று வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் கொடுத்துவிட்டேன். மலையில் நடுக்குகிற குளிர். நீங்கள் சொன்னபடியே உங்கள் பேனருக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். போனைத் தூக்கியதும் பெரியம்மாள் என்கிற பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"போட்டோ இன்னாத்துக்கும்மா? நாங்க இன்னா திருடிட்டா வந்து நிக்கிறோம்?"

கம்பளியைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. பின்னாலேயே ஓடி, "மன்னிச்சுக்கம்மா" என்று அவள் கையில் கொடுத்தேன். பேனரைச் சுருட்டிவிட்டேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. கோபப்படாதீர்கள்.

உங்கள் தங்கை
ஷர்பு


சென்னை
13.1.2025

ஷர்புவுக்கு,

நான் நிற்கிற சங்கத் தேர்தலுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். அந்தப் படங்களைப் போட்டுத்தான் நோட்டீஸ் அடிக்க இருந்தேன். உனக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது. உன் மாப்பிள்ளை மவுத்தான பிறகு உன்னை அங்கே என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி மலைக்குப் போ. அதே கம்பளிகளைத் திரும்ப வாங்கி, புதிதாகக் கொடுப்பதுபோல் படம் எடுத்து அனுப்பு. முடியாதென்றால் வீட்டைக் காலி செய்து சாவியைப் பக்கத்து வீட்டு நிர்மலாவிடம் கொடுத்துவிடு.

சாதுல்லா


வடக்கனந்தல்
20.1.2025

அண்ணனுக்கு ஸலாம்.

சாவியை நிர்மலாவிடம் கொடுத்துவிட்டேன். தையல் மிஷினோடு இங்கே ஒற்றை அறைக்கு வந்துவிட்டேன்.

கொடுத்ததைத் திரும்ப வாங்கி நடிக்க என்னால் முடியாது. அத்தா கடையில் யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று அம்மாவுக்கே தெரியாது. அதுதான் சதக்கா. நீங்கள் கேட்டது ஓட்டு. அதை உங்கள் பெயரில் கேளுங்கள், அத்தா பெயரில் வேண்டாம்.

என்னைக் கூட்டிப்போக ஆள் அனுப்பாதீர்கள். வர மாட்டேன்.

சாவியை வாங்கும்போது நிர்மலா கேட்டாள்: "இன்னாக்கா, திடீர்னு வூட்டக் காலி பண்றீங்க? அண்ணன் எதுனா சொன்னாரா?"

"சேச்சே, அந்தப் பக்கம் தையல் வேலை ஜாஸ்தி கெடைக்குது" என்றேன்.

உண்மையைச் சொல்லாமல் உங்கள் மானத்தை மூடிக் காப்பாற்றிவிட்டேன். அதையும் ஒரு சதக்காவாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் படம் கிடையாது.

ஷர்புன்னிசா