பீரோவில் பூட்டிய விடைகள்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கன்டெய்னர் லாரிப் புழுதி மாடிவரை வருகிறது. கணினிமேல் போட்டிருந்த துண்டை உதறினால் ஒரு பிடி மண்.

இன்றைய வேலை: போட்டி முடிவுகளைத் திருத்துவது. நான் செயலாளராக இருக்கும் கணினி மொழியியல் ஆய்வாளர் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. இந்த ஆண்டுத் தலைப்பு நான் கொடுத்தது. தொழிற்சாலை ஆட்கள் பேசுவதைக் கேட்டு எழுத்தாக மாற்றும் நிரல். பயிற்சிக்கான ஒலிப்பதிவுகள் ஏப்ரலிலேயே எல்லா அணிக்கும் போயின, எழுத்து வடிவத்தோடு. தேர்வுக்கான பதிவுகள் போன வாரம்தான் போயின, வெறும் ஒலி மட்டும். அதற்கான விடை என்னிடம். பென் டிரைவில், பீரோவில், மல்லிகாவின் பட்டுப்புடவைக்கு அடியில்.

பன்னிரண்டு அணிகள். பதினொன்று எதிர்பார்த்தபடி. கல்லூரிப் பிள்ளைகளின் வழக்கமான தத்தளிப்பு. பன்னிரண்டாவதில் பிழையே இல்லை என்று சொல்லலாம். திருத்தும் நிரலில் கோளாறோ என்று இரண்டாம் முறை ஓட்டினேன். அதே.

அணியில் ஒரே ஆள். பெயர் வெற்றிச்செல்வி. வயது 41. ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரச் சோதனை லைனில் வேலை. படிப்பு: டிப்ளமோ, பாதியில்.

நம்பவில்லை. பஸ் ஸ்டாப் இரைச்சலில் பதிவு செய்தது. அதை இவ்வளவு சுத்தமாக எழுத எனக்கே மூன்று வாரம் ஆயிற்று.

விடை வெளியே போயிருக்கிறது.

ரத்த அழுத்த மாத்திரை மறந்தேன். மல்லிகா தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

விடையை யார் தொட்டிருக்கலாம்?

1. பீரோ. சாவி மல்லிகாவின் இடுப்பில். அவளுக்கு இந்தச் சங்கமே ஆகாது.
2. என் கணினி. கடவுச்சொல் உண்டு. ஆனால் தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்திருந்தேன். இன்று கிழித்தாயிற்று.
3. சங்கத் தலைவர்.

பேரா. இமானுவேல், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி. போன மாதம் வீட்டுக்கு வந்தார். மோர் எடுத்துவர நான் உள்ளே போனேன். அந்த நேரம் கணினி திறந்தே இருந்தது. செயலாளர் பதவிக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்று விதியை மாற்றப் பார்க்கிறவர். தேர்வு விடை கசிந்தால் யார் தலை உருளும்? என் தலை.

மல்லிகாவிடம் கேட்டேன். "அந்த சாரா? டிவில கிரிக்கெட்டு பார்த்துகினு இருந்தாரு. நீங்க மோரு கொண்டாரதுக்குள்ள ரெண்டு விக்கெட்டு பூடுச்சு. அம்மாம் நேரம் இன்னாதான் பண்ணீங்க உள்ள?"

பிறகு ஒரு சோதனை. விடைத் தாளில் நானே சில இடங்களில் தவறாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். வெற்றிச்செல்வி நகலெடுத்திருந்தால் அதே தவறுகள் அவளிடமும் இருக்க வேண்டும். இல்லை. நான் தவறிய இடத்திலெல்லாம் அவளிடம் சரியாக இருக்கிறது. ஒரு கணம் யோசித்தேன். விவரமான திருடன் திருத்தித்தானே வைப்பான்.

12.10க்கு உறுப்பினர் அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். "வெற்றிச்செல்வி என்பவரின் முடிவு விடைக் கசிவினால் வந்தது என்று ஐயுறப் போதிய காரணம் உண்டு. முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது. செயற்குழு ஞாயிறு கூடும்." ஐயுற என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். குற்றச்சாட்டு ஆகாது.

ஐந்து நிமிடத்தில் தலைவரின் அழைப்பு. "ஐயா, அந்த அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பியிருக்கலாமே?"

ஐந்தே நிமிடம். அவருக்கு என்ன அவசரம்?

ஜூலை 9, புதன்

வெயில். தண்ணீர் கேன்காரன் வரவில்லை.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு பெண். கம்பெனிச் சீருடை, கையில் மடிக்கணினிப் பை. கம்பெனி பஸ்ஸிலிருந்து கூட்டு ரோட்டில் இறங்கி நடந்தே வந்திருக்கிறாள்.

"நீங்கதான செக்ரட்டரி? நான்தான் நீங்க திருடின்னு எழுதின ஆளு."

திருடி என்று எழுதவில்லை, ஐயம் என்றுதான் எழுதினேன் என்றேன்.

"எங்க லைன்ல அதுக்குப் பேரு திருடிதான் சார்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவள் பிரிவு மேனேஜரும் நம் உறுப்பினராம், என் மின்னஞ்சல் அவருக்கும் போயிருக்கிறது. "நேத்து ஷிஃப்ட் முடியறப்ப கூப்ட்டாரு. ஆபீஸ்ல புதுசா ஒரு டெஸ்க்கு வருது சார். லைன்ல நாங்க வாயால சொன்னா மெஷினே ரிப்போர்ட் எழுதிக்கும். அதைப் பார்த்துக்க என்னைத்தான் போடறதா இருந்தது. பதினெட்டு வருஷமா நின்னுகினே வேலை சார். கால் நரம்பு சுருட்டிக்கிச்சு. இப்ப இன்னா சொல்றாருன்னா, சங்கம் ஒரு முடிவு சொல்லட்டும், அதுவரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்றாரு."

எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். மடிக்கணினியை நின்றபடியே திறந்து காட்டினாள். பயிற்சிப் பதிவுகளை முதலில் ஆள்வாரியாகப் பிரித்திருக்கிறாள். பெயர் தெரியாது, குரலை வைத்துத்தான். ஆளுக்கு ஒரு எண்.

"லைன்ல பார்ட்டை, அது எந்த அச்சுல வந்துச்சோ அந்த டை நம்பர் வாரியாப் பிரிப்போம் சார். ஒவ்வொரு டைக்கும் அதோட பிசிறு ஒண்ணு இருக்கும். நம்பரைப் பார்த்தா பிசிறு எங்கன்னு சொல்லிடலாம். ஆளுங்க பேச்சும் அப்படித்தான். ஒருத்தரு எங்க முழுங்குவாருன்னு தெரிஞ்சா போதும்."

முப்பத்திரண்டு வருடம் டூல் ரூமில் டை செய்தவன் நான். என்னிடமே டை நம்பர். பட்டியல் ஒழுங்காகத்தான் இருந்தது, அதைச் சொல்லவில்லை.

பிறகு அவள் சொன்னதுதான் பெரிய பொய். "தேர்வுல வந்த குரலு முக்கால்வாசி என் பட்டியல்லயே இருந்துச்சு சார். அதான் இவ்ளோ நல்லா வந்துச்சு. நீங்க வேணும்னே அப்படி வெச்சீங்கன்னு நெனச்சேன்."

பயிற்சியில் உள்ள குரல் தேர்வில் இருக்கக் கூடாது. போட்டி விதி ஏழு. எழுதியவனே நான். அதற்காகத்தான் மார்ச் முதல் வாரம் ஒரு முறையும், மூன்று வாரம் விட்டு இன்னொரு முறையும் பதிவு செய்தேன். ஆட்கள் மாறட்டும் என்று. அவளிடம் இதைச் சொன்னேன்.

"கேட்டுப் பாருங்க சார்" என்றாள். போய்விட்டாள்.

மல்லிகா: "தண்ணிகூட குடிக்காம பூடுச்சு அது. திருடற மூஞ்சியாவா கீது?" முகத்தில் என்ன தெரியும் என்றேன். "உங்க மூஞ்சில நல்லாத் தெரியுதே."

ஜூலை 10, வியாழன்

அவள் சொன்னது பொய் என்று நிறுவ உட்கார்ந்தேன். பயிற்சிப் பதிவு ஒன்று, தேர்வுப் பதிவு ஒன்று, மாற்றி மாற்றி. காதில் மாட்டுவது ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.

மல்லிகா கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் பொறுத்தாள்.

"இன்னாங்க இது, ஒரே ஆளையே போட்டுகினு கீறீங்க?"

ஒரே ஆள் இல்லை, முதலில் ஓடியது மார்ச் முதல் வாரம், இது கடைசி வாரம் என்றேன்.

"எந்த வாரமா இருந்தா இன்னா? பேசறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமறான் பாருங்க, எருமைக்குச் சளி புடிச்ச மாதிரி. அவன்தான் இவன்."

திரும்பப் போட்டேன். அவன்தான்.

அடுத்தது ஒரு பெண் குரல், சொல்லைக் கடைசியில் இழுப்பவள். இரண்டிலும். அடுத்தது, சிரிப்போடு பேசுபவன். இரண்டிலும். அதற்குமேல் எண்ணவில்லை.

எப்படி? மூன்று வாரம் விட்டேனே.

இமானுவேல் பதிவுகளைக் கலந்து வைத்திருப்பாரோ? கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். கலக்கவில்லை. எல்லாம் நான் சேமித்த நாளில் சேமித்தபடியே.

கீரை கசந்தது. அவள் நல்ல கீரை என்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

காலை ஐந்தே காலுக்கு அதே பஸ் ஸ்டாப். கொசு. வரிசையாகக் கம்பெனி பஸ்கள். சாப்பாட்டுப் பை, ஹெல்மெட். யாரோ போனில், "ஓவர்டைம் குடுத்தா பாப்போம்டா, இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஊருதான்."

ஒருவர் தாமாகவே கிட்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இன்னா பெருசு, மறுபடியும் மைக்கா? ரெண்டு தபா பேசிட்டேன், இன்னும் டிவில வரல."

இரண்டு முறையா?

"ஆமா. மொதல்ல ஒரு தபா வந்தீங்க. அப்பால ஒரு தபா வந்தீங்க. ரெண்டு தபாவும் நான்தான், இவன்தான், அதோ சிரிக்கிறான் பாரு, அவன்தான்." பேசும் முன் தொண்டையைச் செருமினார்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே. பேரு வேணாம், சும்மா பேசுங்கன்னீங்க. பேசினோம்."

மூன்று வாரத்தில் ஆட்கள் மாறியிருக்க வேண்டாமா என்றேன். பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். "ஏ ஷிஃப்ட்டு ஒரு வாரம், பி ஒரு வாரம், சி ஒரு வாரம். மூணு வாரம் ஆனா திரும்ப இதே நேரத்துக்கு இங்கதான் நிப்போம் தாத்தா. ஒரு வாரம் விட்டு வந்திருந்தா வேற ஆளுங்க கெடைச்சிருப்பாங்க. கரெக்டா மூணு வாரம் கழிச்சு வந்துகீறீங்களே!"

டூல் ரூமில் எனக்கு எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட். முப்பத்திரண்டு வருடமும் எட்டரைக்குப் போய் ஐந்துக்கு வந்தவன். ஷிஃப்ட் மாறும் என்று தெரியும். சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வரும் என்று கணக்குப் போடத் தோன்றவில்லை. பதிவு செய்த அன்று இருட்டு வேறு. ஆளைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தேன்.

ஆக, யாரும் திருடவில்லை. அவள் செய்தது சரி. நான் வைத்த தேர்வு தவறு.

மணி 5.40. குறித்துக்கொள்கிறேன்.

உடனே எழுதிவிடலாம்தான். எழுதினால் அது இமானுவேல் கையில் நானே எடுத்துக் கொடுக்கும் கத்தி. ஞாயிறு செயற்குழுவுக்குள் ஆள் திரட்டிவிடுவார். முறைப்படி, என் வாயால், ஞாயிறன்று சொல்வேன். இரண்டு நாள்தானே.

ஜூலை 12, சனி

மின்வெட்டு 9 முதல் 2 வரை. தண்ணீர் கேன் வந்தது. மூடி உடைந்திருக்கிறது, திருப்பி அனுப்பினேன்.

விளக்கக் கடிதம் நான்கு முறை எழுதினேன். முதலில் "நேர்ந்துவிட்டது". பிறகு "கவனக்குறைவு". கடைசியில் "என் தவறு". அடித்தேன். திரும்ப எழுதினேன்.

வெற்றிச்செல்வியின் எண் படிவத்தில் இருக்கிறது. அழைக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

செயற்குழு, இமானுவேலின் கல்லூரியில். ஐந்து பேர். குளிர்சாதனம் அதிகம், தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டேன்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஷிஃப்ட், மூன்று வாரம், ஒரே குரல்கள். இமானுவேல் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, இது யாருக்கும் வரக்கூடிய தப்பு. போட்டிய ரத்து பண்ணிடலாம். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக'ன்னு ஒரு வரி போதும். உங்க பேரும் வேணாம், அந்த அம்மா பேரும் வேணாம்."

இவ்வளவு நல்லவராக ஏன் இருக்கிறார்? சங்கத்தின் பெயர் கெடக்கூடாது என்பதற்காகவா, நான் அவருக்குக் கடன்பட வேண்டும் என்பதற்காகவா? இன்னும் தெரியவில்லை. எதுவானாலும் அந்த வரி ஆகாது என்றேன். பெயர் போட்டுக் குற்றம் சொன்னோம். பெயர் இல்லாமல் எப்படித் திரும்பப் பெறுவது?

"நாம கோளாறுன்னு சொன்னா எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க ஐயா."

"புரிஞ்சுக்க மாட்டாங்க. அவ பேர்ல திருட்டு அப்படியே நிக்கும்."

ஒரு மணி நேரம் ஒரு வரிக்காகச் சண்டை. கடைசியில் "உங்க இஷ்டம்யா, நீங்க யாரு சொன்னா கேப்பீங்க" என்றார். தீர்மானம்: போட்டி ரத்து. புதிய தேர்வுப் பதிவுகளைக் கல்லூரி தயாரிக்கும், கல்லூரியே வைத்திருக்கும். நான் தொடக் கூடாது. செயலாளர் பதவி பற்றிப் பொதுக்குழு முடிவு செய்யும். பதவி விலகச் சொல்லி ஒருவர் ஜாடை காட்டினார். வேண்டுமானால் நீக்கிக்கொள்ளுங்கள், விலக மாட்டேன் என்றேன்.

அங்கேயே, அவர்கள் எதிரிலேயே, எல்லா உறுப்பினருக்கும் அனுப்பினேன். "வெற்றிச்செல்வி எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் முறை நேர்மையானது, நுட்பமானது. தேர்வைப் பிழையாக அமைத்தவன் செயலாளராகிய நான்." கீழே முழுப் பெயர்.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

காலையில் மேனேஜரை அழைத்தேன். மின்னஞ்சல் மட்டும் போதாது என்று தோன்றியது. மரியாதையான மனிதர்.

"பார்த்தேங்க ஐயா. நல்லவேளை, அந்தம்மா பேரைக் காப்பாத்தினீங்க. ஆனா அந்த டெஸ்க்குக்கு ஆள் போட்டாச்சே. சென்னை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு. சனிக்கிழமை மத்தியானம் ஆர்டர் போயிடுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வெச்சிருந்தேன், அதுக்குமேல மேலிடத்துல விடல. உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் வரலையே."

மாற்ற முடியாதா என்றேன். மேலிடம் என்றார். நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். வாங்க, டீ சாப்பிட்டுட்டுப் போங்க என்றார்.

இந்த வாரம் அவளுக்கு பி ஷிஃப்ட். இப்போது கணக்குத் தெரிகிறது. ஆறு மணிக்கு டீ நேரம். அழைத்தேன். கேன்டீன் சத்தம்.

"மெயில் பார்த்தேன் சார். லைன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நுட்பமானதுன்னு போட்டிருந்தீங்க."

அந்த வேலை பற்றி ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். மத்தியானம் ஷிஃப்டுக்கு வந்ததும் அவரைக் கூட்டிகினு போய் லைனைச் சுத்திக் காட்டினதே நான்தான். நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. புதுத் தேர்வு எப்ப சார்?"

கல்லூரி சொல்லும் என்றேன். எனக்கு எப்போது தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நானே சொன்னேன்: "வெள்ளிக்கிழமை காலையிலயே எனக்குத் தெரியும்மா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிருந்தேன்."

தட்டுகள் அடுக்கும் சத்தம். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை காலையில எத்தினி மணிக்கு சார்?"

"அஞ்சு நாப்பது."

"நான் அப்ப பஸ்ல இருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "பெல்லு அடிச்சிட்டாங்க சார்." வைத்துவிட்டாள்.