வடை சுற்றிய பேப்பர்

ஜூன் 24, 1932, வெள்ளி

விடியலிலிருந்து மழை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டு இல்லை. வாங்க வேண்டியவை: மை, குயினைன், செருப்புக்கு வார்.

கூலாய் ஸ்டேஷனுக்கு ரயிலில் வரும் சிங்கப்பூர் இங்கிலீஷ் பேப்பர், எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை படித்து முடித்த பிறகு ஆபீசுக்கு வந்தது. நாளை லண்டனில் இந்தியாவின் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம். நிருபன் எழுதுகிறான்: இந்தியர்கள் கற்றுக்கொள்ள வந்தவர்கள், மூன்று நாள் தாங்கினால் பெரிது. அந்த வரியின் ஓரத்தில் துரையின் சிவப்புப் பென்சில் கோடு. எனக்காகவே போட்டது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்று என்னைக் கிளப் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுத மட்டும் கூப்பிடுகிற மனிதர். சென்னைக் கல்லூரி அணியில் முதலில் இறங்கி ஆடியவன் நான். வந்த புதிதிலேயே சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் காதர் டீக்கடை. வழக்கம்போல் படித்துத் தமிழில் சொன்னேன். கேட்க, பால்மரம் வெட்டுகிறவர்கள் ஆறேழு பேர். இந்த எஸ்டேட்டில் எனக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள் மட்டுமே. சிவப்புக் கோடு போட்ட வரியை விட்டுவிட்டேன். நம்மவர்கள் நல்ல தயாரிப்பில் இருப்பதாகச் சொன்னேன்.

"வெள்ளக்காரன் பேப்பரே அப்படிப் போட்டிருக்கானா, கிராணி ஐயா?" அவர்களில் கருப்பன் கேட்டான்.

ஆமாம் என்றேன். வழக்கப்படி பேப்பரைக் காதரிடம் வடை சுற்றக் கொடுத்துவிட்டு வந்தேன்.

28, செவ்வாய்

வெயில். வயிறு சரியில்லை. நேற்றைய பேப்பர் இன்று கைக்கு வந்தது. சனிக்கிழமை காலை இங்கிலாந்தின் முதல் மூன்று பேரும் மளமளவென்று அவுட். இரண்டு முறை படித்தேன். அதற்குக் கீழேயே நிருபன்: இது ஒரு மணி நேர அதிர்ஷ்டம், நீடிக்காது. அதையும் கடையில் சொல்லாமல் விட்டேன்.

ஜெயித்தாகிவிட்டது என்றே தொழிலாளர் லயத்தில் பேச்சு. ஞாயிறு ஆடு வெட்டப் போகிறார்களாம். நான் தடுக்கவில்லை.

30, வியாழன்

தோற்றோம். துரை தாமே பேப்பரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஆட்டப் பக்கம் மேலே தெரியும்படி மடித்திருந்தார்.

மழையோடு கடைக்குப் போய் ஒளிக்காமல் படித்தேன். டிரஸ்ஸர் செல்லையா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பார்ப்பவர், துரை நாற்காலி போட்டுப் பேசும் ஒரே தமிழர். வடையைத் தின்றுவிட்டு அதைச் சுற்றிய எண்ணெய்த் தாளை விரித்தார். போன வெள்ளிக்கிழமைப் பேப்பர்.

"இதில முந்தியே எழுதிக் கிடக்கு. கிராணியார் வாசிக்கேல்லையோ?"

வரி வரியாகத் தமிழில் சொன்னார். எண்ணெயிலும் அந்தச் சிவப்புக் கோடு அழியவில்லை.

கருப்பன் என்னைப் பார்த்தான். "தோத்தது கெடக்குது, ஐயா. எங்களால தாங்க முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

குடையை மறந்து நனைந்துகொண்டே வந்தேன்.

ஜூலை 2, சனி

துரையின் பேப்பர் ஆபீசுக்கு வரவில்லை. டிரஸ்ஸர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன்.

சளி. சாயங்காலம் விட்டுவந்த குடையை எடுக்கக் காதர் கடைக்குப் போனேன். நான் வழக்கமாக உட்கார்ந்து படிக்கும் முக்காலியில் டிரஸ்ஸர். கருப்பன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான்.

"உக்காருங்க ஐயா. நீங்களும் கேளுங்க."

டிரஸ்ஸர் ஒரு வரி விடாமல் வாசித்தார். இந்தியர்களுக்குப் பந்து பிடிக்கத் தெரியவில்லை, ஆட்டம் பழக இன்னும் ஒரு தலைமுறை ஆகும். எல்லாம் அதே நிருபன்.

"அலமாக், இவன் நம்ம கங்காணிய விட மோசம் லா," என்றான் ஒருவன், மலாய் கலந்து. கடையே சிரித்தது. டிரஸ்ஸரும் சிரித்தார். எந்த இடத்தில் சிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தோற்றாலும் நாளை லயத்தில் ஆட்டு விருந்து உண்டாம். குடையை எடுத்துக் கொடுக்கும்போது காதர் சொன்னார். ஆடு வெட்டுகிற அவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை.