இரட்டை ஜடை போட்ட பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். இந்த ஏரியில் படகோட்ட என்னை விட்டால் ஆளில்லை என்று மேனேஜரே சொல்கிறார். சொல்லாவிட்டாலும் நினைத்துக்கொள்வார்.

புற்றுநோய் வந்த பிள்ளைகளைக் குடும்பத்தோடு கூட்டிவந்து இங்கே முகாம் நடத்துகிறார்கள். நேற்று என் படகில் ஓர் அம்மா, மொட்டைத் தலையோடு ஒரு பையன், இரட்டை ஜடை போட்ட அவன் அக்கா. நோயாளி யாரென்று பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டேன், நான்தான் பாதி டாக்டர் ஆயிற்றே! பையனைப் போர்வையில் சுற்றி உட்காரவைத்தேன். "உனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கே" என்று அந்தப் பெண்ணிடம் துடுப்பைக் கொடுத்தேன்.

"மாமா, எனக்கு வேர்க்குது. நோய் எனக்கில்ல, அக்காவுக்கு. அவளுக்கு முடி போச்சேன்னுதான் நானும் மொட்டை அடிச்சேன்" என்றான் பையன். அவள் சிரித்துக்கொண்டே ஜடையோடு முடியைத் தொப்பி மாதிரி கழற்றினாள். துடுப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன் அக்கா.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"கழுத்துல ஒரு கட்டி. வலியே இல்ல. தானா போயிடும்னாங்க, மூணு மாசம் விட்டுட்டோம்."

உன் மகள் கழுத்தில் கட்டி என்று நீ எழுதியதற்கு, "சூட்டுக்கட்டிதான், நான் சொன்னால் சரியாயிருக்கும்" என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நான் பாதி டாக்டருமில்லை, கால் டாக்டருமில்லை. இது கிடைத்த அன்றைக்கே குட்டியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. டாக்டர் சொன்னதை அப்படியே எழுது, எனக்காகக் குறைக்காதே.

அவள் போட்டோ ஒன்றும் அனுப்பு. ஆராய்ச்சி பண்ண இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்க.

படகு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் தம்பி