அப்பாவின் தூண்டிலுக்குப் புது நூல்

என் அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டும் வேளைக்கு ஏதோ சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் கடல் தாண்டின ஊரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறு பூசையில் முழங்கால் போட்டுக் கேட்கிறேன். நியூசிலாந்தில் இப்போது குளிர் ஆரம்பிக்கும் என்றாய், கம்பளிக் காலுறை போட்டுக்கொள். இங்கே ஏரியில் பனிக்கட்டி போய்விட்டது, தரையும் இளகிவிட்டது. அப்பா இன்னும் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில்தான் இருக்கிறார். ஜனவரியில் குழி வெட்ட மண்ணில் கடப்பாரைகூட இறங்கவில்லை, புயலில் உன் விமானமும் இறங்கவில்லை, நீ பாதி வழியில் நின்று திரும்பிப் போனாய். அதை நினைத்து நீ அழக் கூடாது. குளிர்காலத்தில் செத்தவர்களை எல்லாம் ஃபாதர் அடக்கம் பண்ணி முடித்துவிட்டார். "ரோசீனா, வெண்டெலின் ஒருத்தர்தாம்மா பாக்கி, எப்ப நாள் வைக்கலாம்?" என்று போன ஞாயிறும் கேட்டார். ஜூன் மாதம் வைக்கலாம், மகள் பதில் போடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பக்கத்துப் பண்ணை ஆர்லன் வந்து, "ரோசீனாக்கா, படகைக் கொட்டகையிலேயே போட்டு வச்சா எலிதான் குடித்தனம் பண்ணும், வாங்க ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றான். உனக்குத்தான் தெரியுமே, உன் அப்பா பிடித்து வந்த வால்ஐ மீனை இத்தனை வருஷமாக அறுத்து வறுத்தேனே தவிர நான் தூண்டிலைத் தொட்டதில்லை. அது உங்கள் இரண்டு பேர் சமாச்சாரம். ஆனாலும் அன்றைக்கு என்னவோ அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆர்லன் ரீலைத் தடவிப் பார்த்து, "போன வருஷத்துத் தங்கூஸ் நூல் அக்கா, குளிர்ல கிடந்து கம்பிச் சுருள் மாதிரி ஆயிடுச்சு, உருவிப் போட்டுட்டுப் புதுசு சுத்துவோம், இல்லன்னா பட்டுன்னு போயிடும்" என்றான். வசந்தம் வந்தால் பழைய நூலை உருவிவிட வேண்டும் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் அந்த நூல் உன் அப்பா கையால் கடைசியாகச் சுற்றினது. தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

ஆர்லன் படகை நகருகிறதோ இல்லையோ என்று ஓட்டினான். பாறை முனையில் அந்த ஈயக் குண்டு கோத்த வளைகம்பி அடியில் தட்டித் தட்டிப் போகிறது, பின்னால் மண்புழு மிதந்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஈரத் துணி மாட்டினது போல ஒரு கனம். "இழுக்காதீங்க, இழுக்காதீங்க! கழியைப் பின்னால விடுங்க, வாய் நிறைய வாங்கட்டும்!" என்று அவன் கத்தினான். விட்டேன், பிறகு தூக்கினேன். மீன் மேலே வந்தது மார்லா. வெள்ளை வால் நுனியும் அந்தப் பளிங்குக் கண்ணும் தெரிந்தது. அப்போதுதான் நூல் அறுந்தது. நான் படகில் உட்கார்ந்து ஓ என்று அழுதேன். "ஒரு மீனுக்குப் போயா அக்கா" என்று ஆரம்பித்தவன், பாதியிலேயே நிறுத்திவிட்டு, மோட்டாரில் ஏதோ கோளாறு போலக் குனிந்துகொண்டான்.

மறுநாள் மாவிஸின் தூண்டில் கடைக்குப் போனேன். அவள் இன்னும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டேதான் பேசுகிறாள். "பழைய நூலோட போனியாமே, ஊரே சிரிக்குது. வெண்டெலின் இருந்தா உன்னைத் தண்ணியில தள்ளியிருப்பான்" என்றாள். ஜனவரிக்குப் பிறகு அவரை வைத்து என்னிடம் கேலி பேசினது அவள் ஒருத்திதான், எனக்கு அது நன்றாக இருந்தது. உன் கழியின் நுனி போன தடவை வண்டிக் கதவில் மாட்டி ஒடிந்ததே, அதனால் உனக்கும் ஒன்று பார்க்கச் சொன்னேன். முதலில் விறைப்பாக ஒன்றைக் கொடுத்தாள். இது கடப்பாரை என்றேன். "அட, வறுக்கிறவளுக்கு வாய் வந்துடுச்சே" என்று சிரித்து வேறு எடுத்தாள். என் உயரத்துக்கு மேல் ஒன்றரை முழம் நீளம், நுனி லேசாக வளைகிறது, நடுவுக்குக் கீழே நல்ல பலம். நுனி விறைத்தால் ஈயத்தின் கனம் மீனுக்குத் தெரிந்து புழுவைத் துப்பிவிடுமாம், வளைந்து கொடுத்தால் சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்ளுமாம். உன் கைக்கு அது சரியாக இருக்கும் என்று நானே பிடித்துப் பார்த்து எடுத்தேன். உன் கையும் என் கையும் ஒரே அளவுதானே.

நூலுக்குத்தான் வாக்குவாதம். பின்னல் நூல்தான் இப்போது எல்லாரும் வாங்குகிறார்களாம், வலுவாம், அடியில் என்ன இருந்தாலும் கைக்குச் சொல்லிவிடுமாம். ஆர்லனுடைய தூண்டிலில் அதுதான் இருந்தது, திரும்பி வருகிறபோது கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் எனக்கு நெஞ்சு தூக்கிப் போட்டது. வீட்டிலும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது, கதவு ஆடினால், போன் அடித்தால், வெளியே யாராவது வண்டியை நிறுத்தினால். அதனால் தங்கூஸே போதும், கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், எல்லாவற்றையும் சொல்லாது என்று அதையே வாங்கினேன். பழைய நூலைப் போடுவதற்கு மாவிஸ் கடை வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறாள். அப்பா ரீலிலிருந்து மிச்சத்தை உருவினேன், ஆனால் குழாயில் போட மனசு வரவில்லை, கைப்பையில்தான் கிடக்கிறது. "ரீலைக் கொடு, மிஷின்ல ஒரு நிமிஷத்துல சுத்தித் தர்றேன்" என்றாள். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். வருஷா வருஷம் சாப்பாட்டு மேசையில் நீ நூல் கட்டையில் பென்சிலைச் செருகி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாய், அப்பா எதிரே உட்கார்ந்து சுற்றுவார். "இறுக்கிப் பிடி மார்லா, தூங்காத" என்பார். நான் அடுப்படியிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் முன்பு நானே செய்து பார்த்தேன். பென்சிலை முழங்காலுக்கு நடுவே இடுக்கினேன், கட்டை உருண்டு அடுப்புக்கு அடியில் போய்விட்டது, நூலெல்லாம் சிக்கு. தனியாக ஆகிற வேலை இல்லை அது.

ஆகவே அப்பா ரீலும் உன் ரீலும் காலியாக மேசையில் இருக்கின்றன, நூல் கட்டையும் பென்சிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஜூனில் அடக்கத்துக்கு முந்தின நாள் வந்தால்கூடப் போதும். நீ பிடி, நான் சுற்றுகிறேன். காலையில் அவரை மண்ணில் வைத்துவிட்டு, சாயங்காலம் நாம் இரண்டு பேரும் அந்தப் பாறை முனைக்குப் போகலாம். ஆர்லன் படகை இறக்கித் தருவான். ஃபாதருக்கு நான் நாள் சொல்ல வேண்டும், மறக்காமல் பதில் போடு. ஜூனிலும் ஏரிக் காற்று குத்தும், தடிச் சட்டை ஒன்று எடுத்து வா. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

வாசல் விளக்கை அணைக்காமல் இருக்கும்
உன் அம்மா ரோசீனா