நாற்பதில் ஒன்று

மார்ச் 3
அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக எழுத்து கைக்கு வந்திருக்கிறது! ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

கார் கம்பெனியின் சோதனைத் திடலில் என் வேலை கயிறு இழுப்பது. பத்து கார்கள் நெருங்கி வரும்; முதல் கார் வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் இழுப்பேன். சக்கரப் பலகையில் நிற்கும் பஞ்சு மனிதன் குறுக்கே ஓடுவான். அடி வாங்குவதே பிழைப்பு என்பதால் ஓட்டுநர்கள் அவனை 'மாப்பிள்ளை' என்கிறார்கள். கார் தானாக நிற்க வேண்டும். நின்றதா இல்லையா என்று இப்போது நானே நோட்டில் எழுதுகிறேன்!

மார்ச் 5
மகள்தான் இங்கே பொறியாளர். இன்று விளக்கினாள்: "கார் மூக்குல ரேடார் இருக்குப்பா. அலை அனுப்பி, அது பட்டுத் திரும்புறத வச்சு முன்னாடி ஆள் இருக்கான்னு கண்டுபிடிக்கும். பத்து காரும் ஒண்ணா அனுப்பினா, ஒண்ணோட அலை இன்னொண்ணு காதுல விழுந்து குழம்பிடும்."

"நம்ம சொந்தக்காரங்க ஒண்ணு கூடின மாதிரின்னு சொல்லு."

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

பழைய ரேடாரில் நாற்பது ஓட்டத்துக்கு ஒன்பது முறை மாப்பிள்ளை அடி வாங்கினான். இவள் முறையில் ஒவ்வொரு காரும் முதலில் காது கொடுக்கும்; மற்றவை ஓய்ந்த இடைவெளியில்தான் தன் அலையை அனுப்பும். நாலு வருட உழைப்பு.

மார்ச் 11
நாளை மறுநாள் நாற்பதுக்கு நாற்பதும் நிற்க வேண்டுமாம். ஒன்று தவறினாலும் அவள் பிரிவை மூடிவிடுவார்கள்.

மார்ச் 13
முப்பது வரை நின்றது.

முப்பத்தொன்று — நிற்கவில்லை. மாப்பிள்ளையின் தலை தனியே உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. மீதி ஒன்பதும் நின்றது.

மேலாளர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே, கயித்தை லேட்டா இழுத்துட்டீங்க போல. அப்படின்னா அந்த ஓட்டம் செல்லாது. திரும்ப ஓட்டிக்கலாம்." கெட்ட மனிதர் இல்லை.

மகள் என்னையே பார்த்தாள். "லேட்டா இழுத்தீங்களாப்பா?"

ஆமாம் என்று ஒரே ஒரு சொல். சொன்னால் அவள் பிரிவு பிழைத்துவிடும். நோட்டை நீட்டினேன். 'கோட்டில் இழுத்தேன். நிற்கவில்லை.' அப்போதே எழுதியது.

இரண்டு தடவை படித்தாள். "எழுத்து நல்லா வந்திருக்குப்பா" என்றாள். நோட்டை அவளே மேலாளரிடம் கொடுத்தாள்.

மார்ச் 14
எழுதத் தெரியாதவனாவே இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா நான்?

மார்ச் 20
மூடிவிட்டார்கள். கார்கள் பழைய ரேடாரோடே விற்பனைக்குப் போகின்றன. "ரோட்டுல பத்து வண்டி இப்படி ஒண்ணா நெருங்கி வராது" என்றாராம் மேலாளர்.

ஒன்பது தடவை இடித்த ரேடார் ரோட்டுக்குப் போகிறது. ஒரு தடவை இடித்தது மூலையில் கிடக்கிறது.

ஜூன் 2
மகளோடு கடைத்தெருவுக்குப் போனேன். சிக்னலில் வரிசையாகக் கார்கள், மூக்கை நீட்டிக்கொண்டு. நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தது. அவள் நகரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விளக்கைப் பாக்காதீங்கப்பா. ஓட்டுறவங்க கண்ணைப் பாத்து நடங்க."

ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மூன்றாவது காரில் இருந்தவன் மடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் நிமிரும் வரை வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்றோம்.