பெட்டியில் காதை வைத்து

கனடா, ஜனவரி 1984

அன்புள்ள மஹ்பூபாவுக்கு ஸலாம். என் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மூக்கின் கதை கீழே வருகிறது. உன் ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா? "அம்மா நல்லா இருக்காங்க" என்று நம் மகள் வஜீதா கடிதத்துக்குக் கடிதம் அதே வரியை எழுதுகிறாள். உன் கையெழுத்துதான் வரவேயில்லை.

செங்கம் ரோட்டில் என்னிடம் வாடகை சைக்கிள் எடுத்த பீட்டர் துரை இங்கே எனக்குத் தேனீ வளர்க்கக் கற்றுத் தருகிறார். போன வாரம் முட்டியளவு பனி. வெளியே நின்ற தேனீப் பெட்டிகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெயிலூர்க்காரன் புத்தி, ஒரு பெட்டியைத் தூக்கிவந்து என் அறை அடுப்போரம் வைத்துவிட்டேன். கோடை வந்துவிட்டதென்று நம்பி அத்தனை தேனீக்களும் பெட்டியைவிட்டு வெளியே பறந்தன. மூக்கில் கொட்டு வாங்கிக்கொண்டு நான் கதவைத் திறந்ததும், பனியில் போய் விழுந்து செத்தன. மூக்கு இப்போது வீங்கி, நம்மூர்ப் பக்கத்து அடி அண்ணாமலைக் கத்தரிக்காய். சிரித்துக்கொள். அன்று பொழுது சாயும்வரை அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

துரை நம்மூரில் கற்ற தமிழில் சொன்னார்: "பாஷா, பெட்டி தொடாதே. காது வை. சத்தம் வந்தா உசுரு இருக்கு."

இப்போது தினமும் மிச்சப் பெட்டிகளில் காது வைக்கிறேன்.

அடுத்த வீட்டு நசீர் அண்ணனின் டேப் ரெக்கார்டரை வாங்கி, ஒரு கேசட்டில் பேசி அனுப்பு. நன்றாக இருப்பதாகச் சொல்ல வேண்டாம். "உங்களுக்கு நல்லா வேணும்"னு என்னைத் திட்டு. திட்டத் தெம்பில்லையென்றால், இருமினாலும் போதும்.

துரை கூப்பிடுகிறார்.

அன்வர் பாஷா